கணவாயும் மெட்டும்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் மோட்டார் வண்டியின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட வரிசையில், மலையேறாமலே கிழக்கிலிருந்து மேற்குக்கு வண்டிச் சக்கரம் உருண்டு செல்லத்தக்க அகன்ற வாயில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே. ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள அந்த வெளியை மாட்டு வண்டிகள் நெடுங்காலமாகக் கடந்து வந்தன. 1860களின் தொடக்கத்தில் ரயிலும், இருபதாம் நூற்றாண்டில் மோட்டாரும் அதே தடத்தில் சேர்ந்துகொண்டன. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையும் ஏலமலையும் எழுந்து நிற்கும் இடுக்கிப் பகுதியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே தமிழகத்துச் சமவெளியிலிருந்து மேலேற வேண்டுமானால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில வழிகளே உண்டு. மலையேற்றம் முடிந்து பாதை மேட்டுநிலத்தைத் தொடும் இடத்தையே இப்பகுதியினர் மெட்டு என்று வழங்குகின்றனர். 1924இல் அழிந்த ஒரு சிறு மலை ரயிலைத் தவிர, இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை ரயில் பாதையே கிடையாது. இதனால் பாலக்காட்டில் ரயிலுக்குத் துணையாகவும் போட்டியாகவும் வந்த மோட்டார் வண்டி, இடுக்கியில் வேறு எந்த விசை வண்டியும் எட்டாத இடங்களுக்குத் தனித்து வந்து சேர்ந்தது. ஆயினும் இரண்டு இடங்களுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. எல்லைப்புற மக்களின் அன்றாட வாழ்வில் மோட்டார் நுழைந்தது சொந்தக் கார் வழியாக அன்று; பலர் சேர்ந்து காசு கொடுத்து ஏறிய பஸ், ஜீப், லாரி ஆகியவற்றின் வழியாகவே அது நுழைந்தது. யாரிடம் வண்டி இருந்தது என்பதைவிட யாருக்கு ஏற இடம் கிடைத்தது என்று கேட்டால்தான் இந்த வரலாறு சரியாகப் புலப்படும்.

இன்று ஒரே மாநில எல்லையாகத் தெரியும் கோடு, மோட்டார் வந்த காலத்தில் மூன்று அரசுகளின் நிலங்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடியது. பாலக்காடு நகரமும் கொல்லங்கோடும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றை ஒட்டிய சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து சித்தூருக்குச் சென்ற ஒருவர் மாகாணத்தைவிட்டு ஒரு சமஸ்தானத்துக்குள் நுழைந்தார். சற்றே விலகிப் பாலக்காட்டுக்குச் சென்றவரோ அதே மாகாணத்திற்குள்ளேயே இருந்தார். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கடும் கிளர்ச்சிக்குப் பின்னரும் கேரளத்திலேயே நின்றன. பாலக்காடு மாவட்டம் 1957இலும் இடுக்கி மாவட்டம் 1972இலும் உருவாயின. கோடு நிலைபெற்றதே தவிர, அதைக் கடந்து வேலைக்கும் சந்தைக்கும் உறவுக்கும் செல்லும் வழக்கம் ஒரு நாளும் நிற்கவில்லை.

மலைப்பகுதியில் மோட்டாருக்கு முந்தைய போக்குவரத்தை அறிய மூணாறு நல்ல சான்று. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றதிலிருந்து அங்கே தோட்டங்கள் பெருகின. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. தேயிலையைக் கப்பலேற்றும் வழி மேற்கே கொச்சிக்கு இறங்குவதாக அமையாமல், கிழக்கே தமிழ்ச் சமவெளியின் ஊடாகத் தூத்துக்குடிக்குச் செல்வதாக அமைந்தது. இதற்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் போடப்பட்டது. பெட்டியின் எடையைத் தாங்கும் சக்கரங்கள் தண்டவாளத்தின் மீதும், சமநிலை காக்கும் பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையின் மீதும் உருள, மாடுகள் அதை இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல இலகு ரயிலாக மாற்றப்பட்டு, டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டு சென்றது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கிய பெட்டிகள் மீண்டும் மாட்டு வண்டியேறிப் போடிநாயக்கனூர் சென்றன. ஒரு தேயிலைப் பெட்டி மலையைவிட்டு இறங்க ரயில், கம்பிவடம், வண்டி என மூன்று ஊர்திகள் மாற வேண்டியிருந்தது. தொழிலாளர்களோ கங்காணி எனப்பட்ட ஆள்கட்டும் தலைவனின் பின்னால் மலைப்பாதையில் நடந்தே ஏறினர்.

1924 ஜூலையில் பெய்த பெருமழை இந்த ஏற்பாட்டைத் துடைத்தெறிந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று நினைவுகூரப்படும் அந்த அழிவில் மூணாற்றின் ரயில் பாதை சிதைந்தது. மாங்குளம் வழியாக ஆலுவா சென்ற பழைய சாலையும் மண்ணில் புதைந்தது. ரயில் மறுபடி போடப்படவில்லை. அதற்குப் பதிலாகத் திருவிதாங்கூர் அரசு நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைத்தது; பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட வளைவுப் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. இந்த முடிவின் விளைவு பெரிது. கிழக்கு நோக்கி இருந்த மூணாற்றின் முகம் மேற்கு நோக்கித் திரும்பியதும், மலையின் போக்குவரத்து தண்டவாளத்தைக் கைவிட்டு மோட்டார்ச் சாலையையே நம்பத் தொடங்கியதும் இங்கிருந்துதான். போடிநாயக்கனூருக்கு 1928இல் வந்த ரயிலும் மலையடிவாரத்தோடு நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில்தான் மீண்டும் போடப்பட்டன. அடிவாரத்து ரயிலே இப்படி வந்து போய்க் கொண்டிருந்ததால், மலைமேல் வாழ்ந்தவர்களுக்குச் சாலையைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாமற்போனது.

சமவெளியில் மோட்டாரைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் முதலாளிகள். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1931இல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் (ஏ.பி.டி.) நிறுவனத்தைத் தொடங்கினார். அதே வேளையில் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ரயில் பாதை அமைந்து, 1932இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மதுரைப் பக்கத்தில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களின் தொடக்கத்திலேயே பஸ் தொழிலில் இறங்கியிருந்தார். நேரத்துக்கு வண்டி புறப்படும், ஆள் நிறையும்வரை காத்திருக்காது என்ற நம்பிக்கையை மக்களிடம் உண்டாக்கியதில் டி.வி.எஸ். பஸ்களுக்குத் தனிப் பெயர் உண்டு. மாட்டு வண்டியில் ஓர் இரவும் பகலும் பிடித்த சந்தைப் பயணம் ஒரே பகலுக்குள் போய்த் திரும்பும் வேலையாகச் சுருங்கியபோது, வண்டிப்பேட்டைகள், அதாவது மாடுகளை அவிழ்த்துக் கட்டி வண்டிக்காரர்கள் இரவு தங்கும் வெளிகள், மெல்ல மெல்லப் பஸ் நிலையங்களாகவும் லாரி நிறுத்தங்களாகவும் உருமாறின.

ஆனால் சாலையில் பஸ் ஓடுவதும் அதில் எவரும் ஏறலாம் என்பதும் வேறு வேறு. 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பொதுச்சாலைகள் எல்லாச் சாதியினருக்கும் உரியவை என்று தீர்மானித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் ஈழவர்கள் நடந்து செல்ல முயன்றபோது தடுக்கப்பட்டுக் கலகம் மூண்டது. கால்நடையாகச் செல்வதற்கே போராட வேண்டியிருந்த காலத்தில் பஸ் இருக்கை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் தமிழகத்தில் இருந்தனர்; இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். மோட்டாரின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரத்தின் குதிரைத்திறனைக் குறிப்பிடும் அளவுக்கு இந்த ஆணையைக் குறிப்பிடுவதில்லை. பஸ் என்ற ஊர்தியை உண்மையிலேயே பொது ஊர்தியாக்கிய செயல்களில் இதற்கு முதன்மையான இடம் தரப்பட வேண்டும்.

திருவிதாங்கூரில் 1938 பிப்ரவரியில் அரசே மோட்டார் சேவையைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் என்பவர் அதன் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடிய அந்தச் சேவையின் வழிவந்ததே 1965இல் அமைந்த கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம். இடையில் வந்த உலகப் போர் பெட்ரோலுக்குக் கடும் பங்கீட்டைக் கொண்டுவர, பஸ்களின் பின்புறத்தில் உருளை வடிவக் கரி அடுப்புகள் பொருத்தப்பட்டன. மரக்கரியை அரைகுறையாக எரித்துக் கிடைக்கும் வாயுவை எஞ்சினுக்குச் செலுத்தும் இந்த ஏற்பாட்டை டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்து விற்றது. கரிவாயுவில் ஓடும் எஞ்சினுக்கு இழுவை குறைவு; சமவெளியில் அது சமாளிக்கும், செங்குத்தான மலைச்சாலையில் திணறும்.

போருக்குப் பின் இரு மாநிலங்களும் இரு வழிகளில் சென்றன. தமிழகம் 1972இல் மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன் என்ற அரசுப் போக்குவரத்துக் கழகங்களை அமைத்து டி.வி.எஸ்., ஏ.பி.டி. நிறுவனங்களின் வழித்தடங்களை எடுத்துக்கொண்டது. பழைய மலபாரையும் கொச்சியையும் சேர்ந்த பாலக்காட்டுப் பகுதியிலோ தனியார் பஸ்களே உள்ளூர்ப் போக்குவரத்தைப் பெரும்பாலும் தாங்கி நின்றன, இன்றும் தாங்கி நிற்கின்றன. ஒரு மாநிலத்தில் தரப்பட்ட பர்மிட் மறு மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அங்குள்ள போக்குவரத்து அதிகாரியின் மேலொப்பமும், இரு அரசுகளின் உடன்படிக்கையும் தேவை. இந்த நடைமுறையால் எல்லை கடக்கும் பஸ்களின் எண்ணிக்கை எப்போதும் தேவைக்குக் கீழேயே இருந்துவந்தது. கோவிந்தாபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம், குமுளி ஆகிய இடங்களில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி, சோதனைச்சாவடியை நடந்து கடந்து, மறுபக்கத்தில் இன்னொரு பஸ் ஏறுவது எல்லைப்புறத்தாரின் இயல்பான பழக்கமாயிற்று.

இடுக்கியின் மோட்டார் வரலாற்றில் நடுநாயகமான வண்டி ஜீப். உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான இந்தச் சிறு வண்டியின் போர்க்கால மிச்சங்கள் இந்தியாவில் ஏலம் போயின. 1940களின் இறுதியில் பம்பாயின் மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இறக்குமதி உதிரிகளைக் கொண்டு பூட்டி விற்கத் தொடங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் அமைப்பு இருந்ததால், பின் இரு சக்கரங்கள் சேற்றில் வழுக்கினாலும் முன் சக்கரங்கள் இழுத்துச் செல்லும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் குறைவு என்பதால் கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பும். இந்த இரண்டு இயல்புகளும் ஏலமலைக்கு அளந்து செய்தவை போலப் பொருந்தின. போர்க்கால உணவுப் பஞ்சத்தையொட்டி மீனச்சில், தொடுபுழை, மூவாற்றுப்புழை வட்டங்களிலிருந்து குடியேறிய உழவர்களும், 1950களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் குடியேற்றத் திட்டத்தில் நிலம் பெற்றவர்களும் கட்டப்பனை, நெடுங்கண்டம் பகுதிகளில் காட்டைத் திருத்திய காலம் அது. ஊர் முதலில் உண்டாகிச் சாலை பின்னால் வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது ஜீப்பே. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி அணைத் திட்டத்துக்காக வெட்டப்பட்ட சாலைகள் பெரிய வண்டிகளுக்கும் வழிதிறந்தபோதும், கிளைப்பாதைகளில் ஜீப்பின் இடத்தை எதுவும் பறிக்கவில்லை.

இவ்வாறு உருவானதே ‘டிரிப் ஜீப்’ என்ற ஏற்பாடு. மோட்டார் சட்டம் வாடகை ஊர்திகளை இருவகைப்படுத்துகிறது: வழிநெடுக ஆட்களை ஏற்றி இறக்கித் தனித்தனியே கட்டணம் வாங்கும் தட ஊர்தி ஒன்று, முழு வண்டியையும் ஒருவரோ ஒரு குழுவோ பேசி அமர்த்திக்கொள்ளும் ஒப்பந்த ஊர்தி மற்றொன்று. டிரிப் ஜீப் இரண்டாம் வகைப் பர்மிட்டுடன் முதல் வகை வேலையைச் செய்தது. அரிசி மூட்டையும் உரச் சாக்கும் பள்ளிப் பிள்ளைகளும் பிரசவ வலியெடுத்த பெண்ணும் ஒரே வண்டியில் சென்றனர். உள்ளே இடமில்லாதோர் பின்படியில் தொங்கினர். சட்டத்தின் கண்ணில் இது மீறல். அதிகாரிகள் நெடுங்காலம் கண்டும் காணாமல் இருந்ததற்குக் காரணம், தடுத்தால் மாற்று ஏற்பாடு எதையும் அவர்களால் காட்ட முடியாது என்பதே. மேஜர், கமாண்டர் என்று மாடல்கள் மாறினாலும் இந்த வழக்கம் தொடர்ந்தது.

இந்த வரலாற்றின் கனத்த பகுதி தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைப் பற்றியது. மூணாற்றுத் தேயிலைத் தொழிலாளர்கள் லயம் எனப்படும் தொடர்வீடுகளில் தோட்டத்திலேயே குடியிருப்பவர்கள். உடும்பன்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களிலோ கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் மலையேறி மாலையில் இறங்கும் ஆயிரக்கணக்கானோர் உழைக்கின்றனர். அவர்களில் பெண்களே மிகுதி. இவர்களின் தாயார், பாட்டிமார் இருட்டிலேயே எழுந்து ஒற்றையடிப்பாதையில் ஏறினர். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குச் செல்லும் வழி அப்படிப்பட்ட பழைய நடைபாதையே. அதைச் சாலையாக்க வேண்டும் என்பது அப்பகுதியின் நெடுநாளைய கோரிக்கை. ஜீப் வந்ததும் ஏறும் நேரம் குறைந்தது, வேலை நேரம் கூடியது. தோட்ட உரிமையாளரோ ஆள் கூட்டிச் செல்பவரோ அமர்த்திய ஜீப்பில், அளவுக்கு மீறி நெருக்கியடித்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையிலும் கம்பம்மெட்டுச் சாலையிலும் விடியற்காலையில் இவர்கள் பயணம் செய்கின்றனர். பனியும் மழையும் வேகமும் சேர்ந்து வண்டி கவிழும் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கேரளத்து ஏலக்காய் போடியிலும் புற்றடியிலும் ஏலம் விடப்படுகிறது. மூட்டையின் எடையைக் கிராம் வரை கணக்கிடும் இந்தத் தொழில், அதைப் பறிப்பவரை ஏற்றிச் செல்லும் வண்டியில் எத்தனை பேர் என்பதைக் கணக்கிடாமல் விட்டது வருந்தத்தக்கது.

எல்லைக் கோட்டுக்கும் சாலைக்கும் இடையிலான பொருத்தமின்மை வேறு சில இடங்களில் விநோதமான நிலைமைகளை உண்டாக்கியது. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் அங்கே மோட்டாரில் செல்ல வேண்டுமானால் தமிழகத்துக்குள் புகுந்து, பொள்ளாச்சிப் பக்கத்துச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே செல்ல வேண்டும். பறம்பிக்குளக் காட்டின் தேக்கு மரத்தைச் சாலக்குடிக்குக் கொண்டுவரக் கொச்சி அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த காட்டு டிராம் பாதை அந்நூற்றாண்டின் நடுவில் மூடப்பட்டது. பறம்பிக்குளம்-ஆழியாறு அணைத் திட்டம் தமிழகப் பக்கத்திலிருந்து சாலையைக் கொண்டுவந்தது. அந்த ஊராட்சியின் பழங்குடியினர் தம் சொந்த ஊராட்சி அலுவலகத்துக்குப் போகவே இருமுறை மாநில எல்லையைக் கடக்க வேண்டியவர்களாயினர். இதன் மறுபுறம் கொழுக்குமலை. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் உள்ளது; ஜீப் செல்லும் பாதையோ இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்துதான் உண்டு. டாப் ஸ்டேஷனும் தமிழக மண்ணில் இருந்தும் மூணாறு வழியாகவே எட்டப்படுகிறது.

லாரி இந்த எல்லையில் செய்த மாற்றம் இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியது. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியும் நாமக்கல் முட்டையும் வாளையார் வழியாகவும், கம்பம் பள்ளத்தாக்கின் விளைபொருள் குமுளி வழியாகவும் நாள்தோறும் கேரளத்துக்குள் செல்லத் தொடங்கியபின், அங்குள்ள சமையலறை கிழக்கத்திய வயல்களைச் சார்ந்ததாயிற்று. வாளையார் விற்பனை வரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற நிலை, 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து அந்தச் சாவடி நீக்கப்பட்டதும் முடிவுக்கு வந்தது.

சொந்த வண்டி இந்த எல்லைப்புறத்தில் பரவலானது கடைசிக் கட்டத்திலேதான். அதையும் தொடங்கிவைத்தது கார் அன்று. மதுரையில் பஸ் ஓட்டிய டி.வி.எஸ். குழுமம் 1980இல் ஓசூரிலிருந்து கொணர்ந்த டி.வி.எஸ். 50 என்ற சிறு மொபெட், பால்காரருக்கும் காய்கறி வியாபாரிக்கும் எட்டும் விலையில் கிடைத்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணம், 1991க்குப் பின் எளிதான கடன் ஆகியவை சேர்ந்து கேரள நடுத்தரக் குடும்பங்களைக் கார் உரிமையாளர்களாக்கின. இன்று கேரளத்தில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. இரு மாநிலங்களிலும் அவற்றில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகளே. சித்தூருக்குக் கே.எல். 70, தேவிகுளத்துக்குக் கே.எல். 68, உடும்பன்சோலைக்குக் கே.எல். 69 என்று மலை வட்டங்களுக்கும் தனித்தனிப் பதிவு எண்கள் தரப்பட்டதே வண்டிப் பெருக்கத்தின் அடையாளம்.

பெருகிய வண்டிகளுக்காக மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையே சுமார் 42 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது, கேப் ரோடு பகுதியில் 2019, 2020 ஆண்டுகளில் பெரும் மண்சரிவுகள் நிகழ்ந்து கீழிருந்த விளைநிலங்களை மூடின. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறு சாலைத் தொடர்பை இழந்து தனித்து நின்றது. 1924இல் மலை கொடுத்த எச்சரிக்கையைச் சாலை அமைத்தோர் மறந்துவிட்டிருந்தனர். இன்னொரு பக்கம், முதுவர் வாழும் எடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அறிவிக்கப்பட்டபின்னும் வாகனச் சாலைக்காகப் பல்லாண்டு காத்திருந்தது. நோயாளியைக் கம்பில் கட்டித் தூக்கிச் செல்லும் வழக்கம் அங்கே அண்மைக்காலம்வரை நீடித்தது.

சுற்றுலாப் பயணியின் காருக்காக மலையை வெட்டி அகலமாக்கும் அரசுகளுக்கு, ஏலத்தோட்டப் பெண்களுக்காகக் காலையிலும் மாலையிலும் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் போதிய பஸ்களை விடுவது இயலாத காரியம் அன்று. இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அந்த வேளைப் பஸ்களுக்கு மேலொப்பம் தந்து, தோட்ட ஜீப்புகளில் இருக்கை எண்ணிக்கையை மீறாதபடி பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஏற்பாட்டை இரு அரசுகளும் இனியும் தாமதிக்காமல் செய்ய வேண்டும்.